சாயாத வண்டிக்கு வளைவு எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

‘நெடும்பயணத்துக்கு இன்பம் தருவது பெரிய ஸ்கூட்டரா, மூன்று சக்கர டூரிங் பைக்கா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பத்து நிமிடம் பேசினார். விழாது, சாயாது, சிக்னலில் கால் ஊன்ற வேண்டாம், பின்னால் உட்காருபவருக்குச் சோபா, பெட்டி படுக்கைக்கெல்லாம் இடம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தான் பிடித்த வண்டிக்கு மூன்றே சக்கரம் என்று சாதிப்பவரை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன்!

முதலில் எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஸ்கூட்டர் என்றவுடன் காய்கறி வாங்கப் போகும் வண்டி நினைவுக்கு வந்தால் அதை ஓரமாக நிறுத்திவிடுங்கள். சுசுகி பர்க்மன் 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 638 சிசி, இரட்டை சிலிண்டர், எடை 277 கிலோ. இருக்கையைத் தூக்கினால் இரண்டு முழு ஹெல்மெட்டை விழுங்கும் டிக்கி. இதே இனத்துப் பெரிய ஸ்கூட்டரான யமஹா டிமேக்ஸ் 2001-இல் வந்தது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பர்க்மன் 650 இப்போது தயாரிப்பில் இல்லை, அதை எதிரணி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர் ஓய்வு பெற்றுவிட்டால் அவர் செய்த வேலை இல்லாமல் போய்விடாது.

எதிரணி கொண்டாடுவது கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. 1330 சிசி, மூன்று சிலிண்டர், 115 குதிரைத்திறன், 450 கிலோவுக்கு மேல் எடை. ஹார்லியின் டிரை கிளைட் இதைத் தலைகீழாகப் போட்ட மாதிரி, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. அதைப் பற்றி அவர்களே அதிகம் பேசவில்லை, நானும் விட்டுவிடுகிறேன்.

நடுவர் அவர்களே, ஓட்டிப் பார்க்காமல் பேச வந்தவன் இல்லை நான். ஒரு ஸ்பைடரை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, மலைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் நேர்ச்சாலை. ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன், எதிரணி சொன்னது அத்தனையும் உண்மை. அப்புறம் இடப்பக்கமாக ஒரு வளைவு வந்தது.

இரு சக்கர வண்டியில் கொஞ்சம் வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறோம்? இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம். ஹேண்டில்பார் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்தபடியே வளைந்துவிடும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. சைக்கிள் பழகிய வயதிலேயே உடம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பழக்கம். அன்றைக்கும் கை தானாகவே இடது கைப்பிடியைத் தள்ளியது. ஸ்பைடர் என்ன செய்தது தெரியுமா? வலப்பக்கம் போனது! சாயாத வண்டிக்கு ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் பாதை. வளைவின் வெளியோரத்தை நோக்கி நான் போய்க்கொண்டிருக்கிறேன். பதறிப்போய் பிரேக் லிவரைப் பிடிக்க விரலை நீட்டினேன். விரல் காற்றைப் பிடித்தது. அதில் கைப் பிரேக்கே கிடையாது. வலது காலடியில் ஒரே ஒரு பெடல், அதுதான் மூன்று சக்கரத்துக்கும். கால் அதைக் கண்டுபிடித்து மிதிப்பதற்குள் என் குலதெய்வம் வரை எல்லாரையும் ஒரு சுற்று கூப்பிட்டுவிட்டேன்.

‘அது பழக்கக் குறை, வண்டியின் குறை இல்லை’ என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் நாள் கை பழகிவிட்டது. ஆனால் உடம்பு பழகவில்லை. அதுதான் என் வழக்கே.

ஒரு கணக்குச் சொல்கிறேன், சுலபமானதுதான். வளைவின் ஆரம் 50 மீட்டர், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். ஸ்கூட்டர் சுமார் இருபது டிகிரிக்குச் சற்று மேல் சாயும். எடையும் வெளியே தள்ளும் விசையும் சேர்ந்து நேராக இருக்கைக்குள்ளேயே இறங்கிவிடும். உடம்புக்குத் தெரிவதெல்லாம் இருக்கையில் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்த மாதிரி ஓர் உணர்வு, அவ்வளவுதான். வாளியில் தண்ணீரை நிரப்பிச் சுற்றினால் சிந்தாமல் இருக்கிறதே, அதே கதை. இப்போது அதே வளைவு, அதே வேகம், சாயாத வண்டி. 70 கிலோ எடையுள்ள ஆளை அது வெளிப்பக்கமாகச் சுமார் 27 கிலோ அளவுக்குத் தள்ளும். ஓர் அரிசி மூட்டையைத் தோளில் சாய்த்துவிட்ட மாதிரி. ஒரு வளைவுக்கு என்றால் பரவாயில்லை. மலைச் சாலையில் வலம், இடம், வலம், இடம் என்று நூறு வளைவு வந்தால்? ஒரு கையால் இழுத்து, ஒரு கையால் தள்ளி, தொடையால் வண்டியை இறுக்கி, இடுப்பை வளைவுக்குள் நகர்த்தி... மூன்றாம் நாள் மாலை இறங்கியபோது எனக்கு முழங்கை வலித்தது. பயணம் போனவனுக்கு முழங்கை ஏன் ஐயா வலிக்க வேண்டும்?

பின்னால் சோபா என்றார்களே, அந்தச் சோபாவில் உட்கார்ந்தவரும் இதே ஆட்டம்தான் ஆடுவார். கைப்பிடி, முதுகுச் சாய்வு எல்லாம் சிறப்பாக வைத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் கவலை.

அடுத்து, ‘விழவே விழாது’ என்ற வாதம். மூன்று சக்கரம் நிற்கும்போது விழாது, உண்மை. ஓடும்போது? வளைவில் வேகம் கூடினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். நிறுவனத்துக்கும் இது தெரியும். அதனால்தான் ஸ்பைடரில் ஒரு நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பை வைத்திருக்கிறார்கள். வண்டி எல்லை மீறுகிறது என்று தோன்றினால் அது தானே என்ஜினை அடக்கும், தேவையான சக்கரத்தில் பிரேக் போடும். நல்ல அமைப்பு, பாராட்டுகிறேன். ஆனால் விழவே விழாத வண்டிக்கு இத்தனை பந்தோபஸ்து எதற்கு? மடியில் கனம் இருப்பதால்தானே வழியில் பயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று சக்கரம் வைத்த மற்றவர்களைப் பாருங்கள். பியாஜியோ 2006-இல் எம்பி3-ஐக் கொண்டுவந்தது. முன்னால் இரண்டு சக்கரம், ஆனால் வளைவில் இரண்டும் சேர்ந்து சாயும். யமஹா 2018-இல் நைக்கன் என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதுவும் சாயும். முன் சக்கரங்களைச் சாய வைக்க எத்தனை கம்பி, எத்தனை மூட்டு, எத்தனை செலவு! மூன்றாவது சக்கரத்தை மாட்டிய பிறகும் ‘சாயாமல் முடியாது’ என்று அவர்களே படாத பாடு பட்டிருக்கிறார்கள். இதில் எம்பி3 ஸ்கூட்டர் இனம். எதிரணி அதை உரிமை கொண்டாட வந்தால், மாப்பிள்ளை வீட்டாராக நானும் எழுந்து நிற்பேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர், எனக்கு வெகுநாள் பழக்கம். அந்த உரிமையில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டார். நான் என் ஸ்கூட்டரை ஒரு பெட்ரோல் பங்கில் கீழே போட்டேன் என்று சொன்னார். உண்மைதான். சரளைக் கல், கொஞ்சம் சரிவு, ஹேண்டில்பாரைத் திருப்பியபடியே முன் பிரேக்கைப் பிடித்தேன். 277 கிலோ நிதானமாக, மரியாதையாகப் படுத்துக்கொண்டது. முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். மெதுவாக நிறுத்தும்போது ஹேண்டில்பாரை நேராக வை, பின் பிரேக்கைப் பிடி என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், அதற்குப் பிறகு போடவில்லை. வண்டிக்கு அடியும் இல்லை, எனக்கும் இல்லை. மானத்துக்குத்தான் கொஞ்சம் கீறல். அதையும் இன்று சபையில் சுரண்டிவிட்டார்.

ஸ்பைடரில் பின்னோக்கிப் போக ரிவர்ஸ் கியர் இருக்கிறது. என் ஸ்கூட்டரில் இல்லை. சரிவில் முகத்தைக் கீழே வைத்து நிறுத்திவிட்டால் மூச்சு வாங்கத் தள்ள வேண்டும். இதில் அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். பக்கக் காற்றிலும் நேர்ச்சாலையிலும் அது ஆடாமல் போகும், அதற்கும் கொடுங்கள். முழங்கால் தேய்ந்தவர்கள், ஒரு காலில் பலம் இல்லாதவர்கள், எடையைத் தாங்கி நிற்க முடியாதவர்கள் அந்த மூன்று சக்கரத்தால்தான் மறுபடியும் காற்று முகத்தில் பட ஊர் சுற்றுகிறார்கள். அவர்களைப் பற்றி நான் ஒரு சொல் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இரண்டு காலும் திடமாக இருக்கிறவரும் அதைத்தான் வாங்க வேண்டும் என்றால், நடக்கத் தெரிந்த பிறகும் நடைவண்டியை விடாத பிள்ளை மாதிரி அல்லவா?

ஸ்கூட்டருக்குச் சின்னச் சக்கரம் என்று கேலி செய்தார்கள். பர்க்மனின் முன் சக்கரம் 15 அங்குலம். ஸ்பைடர் ஆர்டியின் முன் சக்கரம்? அதுவும் 15 அங்குலம்தான்! அளந்து பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

பெட்டி படுக்கை விஷயத்தில் ஸ்பைடர் பெரியதுதான், 150 லிட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. ஸ்கூட்டரில் இருக்கைக்குக் கீழே சுமார் 50 லிட்டர், போதாவிட்டால் பின்னால் ஒரு பெட்டி மாட்டலாம். நீண்ட பயணம் போனவர்களுக்குத் தெரியும், இடம் இருக்கிறது என்பதற்காக எடுத்துப் போகிற பொருளில் பாதியை வெளியே எடுக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

கியர் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பைடர் ஆர்டியில் கிளட்ச் இல்லை, ஆனால் மேல் கியருக்குப் போக இடது கட்டைவிரலால் தட்ட வேண்டும். வேகம் குறைந்தால் அதுவே இறங்கிக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தத் தட்டலும் இல்லை. முறுக்கினால் போகும், விட்டால் குறையும், இரண்டு கையிலும் பிரேக். மேடு, பள்ளம், நெரிசல் எதுவானாலும் இதே மூன்று வேலைதான். வேடிக்கை பார்க்கக் கண்ணுக்கும் மனசுக்கும் அவகாசம் கிடைக்கிறது. பயணம் என்று கிளம்புவதே அதற்குத்தானே?

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒரே ஒரு விஷயம், சாலை. இரு சக்கர வண்டி தரையில் போடுவது ஒரே கோடு. நான்கு சக்கரக் கார் போடுவது இரண்டு கோடு. எதிரணியின் வண்டி மூன்று கோடு போடுகிறது: இடம், வலம், நடு. எதிரே ஒரு பள்ளம் வருகிறது என்று வையுங்கள். ஸ்கூட்டர்காரன் ஒரு முழம் ஒதுங்கினால் போதும். கார்க்காரர் பள்ளத்தை நடுவில் விட்டுக் கடந்துவிடுவார். ஸ்பைடர்காரரும் முன் சக்கரம் இரண்டையும் இருபுறமும் விட்டு அழகாகக் கடப்பார். அடுத்த நொடி நட்டநடுவில் வரும் பின் சக்கரம் அதே பள்ளத்தில் ‘தடால்’ என்று இறங்கும். அந்தச் சக்கரத்தின் மேல்தான் பின்னால் உட்கார்ந்தவரின் சோபா இருக்கிறது!

சாலையின் நடுவில் வேறு என்ன இருக்கும்? சிக்னலில் நிற்கிற வண்டிகளிலிருந்து சொட்டிய ஆயில். கார்களின் டயர் அந்தக் கறுப்புப் பட்டையின் இரு பக்கமும் போய்விடும். ஸ்பைடரை ஓட்டும் சக்கரம் அந்தப் பட்டையின் மேலேயே நிற்கும். அதுவும் கார் டயர் மாதிரித் தட்டையான, அகலமான டயர். தேங்கிய மழைத் தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும், ஒடுக்கமான வட்ட முகமுள்ள டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். மூன்றாம் நாள் எனக்கு மழையும் கிடைத்தது. சிக்னல் பச்சையானதும் முறுக்கினேன், பின் சக்கரம் வழுக்கி, கட்டுப்பாட்டு அமைப்பு குறுக்கே வந்து என்ஜினை அடக்கி, மீட்டரில் விளக்கு மினுக்கி... பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். அவருக்கு எப்படி விளக்கிச் சொல்வேன்?

மணி அடித்துவிட்டார்கள், உட்கார்ந்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி. சோபா, பெட்டி, குதிரைத்திறன் எல்லாவற்றையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முன்னால் பள்ளம் வருகிறது, ஐயா. முன் சக்கரம் இரண்டுக்கும் வழி பார்த்துவிட்டீர்கள். பின் சக்கரத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள்?