மான் தொடாத இலை

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சித்த வைத்தியப் பெரியவர்களே, கோயில் தர்மகர்த்தா சபையாரே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அதிபர் அவர்களே, கோணேசபுரி வளாகத்திலிருந்து பஸ் பிடித்து வந்த மாணவப் பிள்ளைகளே, பின்னால் தேநீர்க் கோப்பை அடுக்கும் தங்கச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனமுறை ஒருவரை விட்டுவிட்டு ஆறு மாதம் அவர் வீட்டுப் பக்கம் போக முடியவில்லை.

இலையிலிருந்து மருந்துப்பொருளைப் பிரிப்பது எப்படி, பிரித்தது இன்னதென்று அறிவது எப்படி, அதன் பயன் யாருக்கு என்று மூன்றைப் பேசச் சொன்னார்கள். நான் ஆடாதோடையோடு நின்றுகொள்கிறேன். 'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்பாள் என் அம்மம்மா.

முதலில் ஒரு கதை. நம் திருகோணமலை மான்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை வாசலில் நிற்கும், பஸ் நிலையத்தில் நிற்கும், கடைக்காரர் அசந்தால் கீரைக்கட்டையும் இழுக்கும். ஓய்வு பெற்றதும் வீட்டு வளவில் மூலிகைத் தோட்டம் போட்டேன். தூதுவளை, கற்பூரவள்ளி, கீழாநெல்லி, துளசி, வேலியோரம் ஆடாதோடை. எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை வேறு. மனைவி, "வேலியை உயர்த்துங்கோ" என்றாள். கேட்டேனா? ஒருநாள் விடியப்புறம் கதவைத் திறந்தால் நாலு மான்கள். துளசி இல்லை. தூதுவளையை முள்ளோடு முடித்திருக்கின்றன. ஒரு குட்டி என் பெயர்ப்பலகையை நக்கிக்கொண்டிருந்தது. ஆடாதோடை மட்டும் ஓர் இலை குறையாமல் நின்றது. ஆடு தொடா இலை என்பதுதான் பெயர்க்காரணம் என்பார்கள். அன்றைக்கு அதை மானும் தொடவில்லை. மனைவி சொன்னாள்: "உங்கட ஆராய்ச்சியை அதுகளே முடிச்சிட்டுதுகள்."

சரி, அந்தக் கசப்புக்கு வருவோம். அதற்குப் பெரிய காரணம் வாசிசின் என்ற அல்கலாய்ட், அதாவது செடிகளில் உண்டாகும் நைதரசன் சேர்ந்த காரப்பொருள். 1888இலேயே ஹூப்பர் என்ற இரசாயன ஆய்வாளர் அதைப் பிரித்துக் காட்டிவிட்டார். இன்று இருமலுக்குத் தரும் புரோம்ஹெக்சின் அதன் வழியில் செய்யப்பட்டதுதான். கர்ப்பிணிகளுக்கு இந்த இலை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இலையை நிழலில் காயவைத்து, இடித்து, மெதனோலில் ஊறவைத்து, வடித்துச் சுண்ட வைத்தால் கரும்பச்சைப் பசை கிடைக்கும். அமிலம் சேர்த்தால் அல்கலாய்ட் நீரோடு போகும். அப்புறம் அமோனியா விட்டுக் குளோரோஃபோம் சேர்த்துக் குலுக்கினால் அதற்குள் தாவும். அதில் ஊசிமுனைத் துளியை, தீப்பெட்டி அளவு, மெல்லிய பூச்சுப் பூசிய டி.எல்.சி. தட்டில் பென்சில் கோட்டின் மேல் வைத்து, கரைப்பானில் நிறுத்துங்கள். ஈரம் ஏற ஏறப் பொருள்கள் பிரியும். காயவைத்து, அல்கலாய்டைக் காட்டிக்கொடுக்கும் டிராகென்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் வெறும் தட்டில் செம்மஞ்சள் பொட்டு எழும்பும். அதைப் பார்த்த பிள்ளை இரசாயனத்தை விடாது. தூய்மையாக்கியதை, மூலக்கூறின் நிறையைக் காட்டும் நிறைமாலைக் கருவியில் போட்டால் வாசிசினுக்கு 188 என்று வரும். மூலக்கூறில் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை, காந்தப்புலத்தில் வைத்துப் பார்க்கும் என்.எம்.ஆர். சோதனை சொல்லும்.

ஆனால் பறித்தது ஆடாதோடைதானா? எங்கள் பக்கத்தில் சிலர் இதையே பாவட்டை என்பார்கள். வேறொரு செடிக்கும் அதே பெயர். பாடாத நாவும் பாடும், சரி, எந்த இலைக்கு? எந்தச் செடியில் பறித்தோம் என்பதற்கு உலர்த்தி ஒட்டிய கிளை ஒன்று சாட்சியாக இருந்தால்தான் ஆய்வு நிற்கும். அதை ஒப்பிட்டுப் பார்க்க நாம் பேராதனை உலர்தாவரகத்துக்கு, உலர்த்திய செடிகளைப் பெயரோடு சேர்த்து வைக்கும் இடத்துக்கு, ஓடுகிறோம். கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் பறித்த இலைக்கு மலையேற வேண்டுமா?

ஆகவே தலைவர் அவர்களே, திருகோணமலைக்கு ஓர் உலர்தாவரகம் வேண்டும். ஓர் அறை, இரண்டு அலுமாரி, கறையான் ஏறாத சுவர். மூன்று வருடமாக மேடைதோறும் இதைத்தான் கேட்கிறேன். பயன் யாருக்கு என்ற மூன்றாவதைப் பேசவில்லை என்று தெரியும். மணி அடித்துவிட்டீர்கள், இன்னொரு நாள் கூப்பிடுங்கள்.

வாசல் மேசையில் பழைய பத்திரிகைக்குள் ஒரு கிளை வைத்திருக்கிறேன். இடம், திகதி, பறித்தவர் பெயர் எல்லாம் ஓரத்தில் எழுதியிருக்கிறது. போகும்போது பாருங்கள், பக்கத்தில் இருக்கும் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போங்கள்.