நாய் மூக்கில் நிற்காத சளி

நேயர்களுக்கு வணக்கம்.

"மருந்து கொடுக்கிற வரைக்கும் நன்றாக இருக்கிறது டாக்டர். நிறுத்தினால் நாலு நாளில் மறுபடி ஒழுகுகிறது." நாய் வளர்ப்பவர்கள் பலர் என்னிடம் இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கூடவே மஞ்சள் சளி, தும்மல், சளியில் என்ன கிருமி வளர்கிறது என்று சொல்லும் ஒரு கல்ச்சர் ரிப்போர்ட். அதில் பாஸ்டுரெல்லா என்றோ ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றோ இருக்கும். சரி, எதிரி சிக்கிவிட்டான் என்று தோன்றும். ஆனால் நோயே இல்லாத நாயின் மூக்கிலும் இதே பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாள்பட்ட சளிக்குப் பாக்டீரியா மட்டுமே மூலகாரணமாக இருப்பது அபூர்வம். குட்டிகளுக்கும், பல நாய்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் வளர்பவைக்கும் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா வரும். அதுவும் பெரும்பாலும் இருமலோடு வந்து சில வாரங்களில் அடங்கிவிடும்.

அப்படியானால் சளி ஏன் நிற்பதில்லை? என் தவறையே சொல்கிறேன். ஒன்பது வயது டாஷண்ட் இன நாய் ஒன்று. இடது மூக்கில் மட்டும் சளி. இரண்டு முறை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் மயக்க மருந்து கொடுத்து வாயைப் பார்த்தேன். மேல் கோரைப்பல்லின் உள்பக்க ஈறில் விட்ட கம்பி நேராக மூக்குக்குள் போனது. கோரைப்பல்லின் வேர், வெளியே தெரியும் பல்லைவிட நீளமானது. அதற்கும் மூக்குக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்பு. ஈறு கெட்டால் அந்த எலும்பு கரைந்து ஓட்டை விழும், சோறும் தண்ணீரும் மூக்குக்கு ஏறும். அப்புறம் பாக்டீரியா பெருகத்தானே செய்யும்? பல்லைப் பிடுங்கி ஓட்டையைத் தைத்து மூடினேன், சளி நின்றது. வெளியே பார்க்க அந்தப் பல் வெள்ளையாகத்தான் இருந்தது!

எல்லாமே பல் இல்லை. புல்லில் மேய்ந்துவிட்டு வந்து திடீரென்று ஓயாமல் தும்மினால் மூக்கில் புல்விதை இருக்கலாம். மூக்கு நுனியின் கறுப்பு வெளுத்து, தொட்டாலே வலித்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைச் சந்தேகிப்போம். நீள மூக்குள்ள வயதான நாய்க்குச் சளியோடு ரத்தமும் வந்தால் கட்டியா என்று பார்க்க வேண்டும், சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் மட்டுமே வந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கும் ஒரு பரிசோதனை.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். குளிர்ந்த எவர்சில்வர் ஸ்பூனை நாயின் மூக்கருகே பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? சளி எந்தப் பக்கம், சாப்பிட்டவுடன் தும்முகிறதா என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டைவிட எனக்கு அந்தக் குறிப்புதான் முதலில் வேண்டும்.