பெயின்ட் அடித்த நம்பர் தகடு எங்கிருந்து கெடத் தொடங்கும்?

(காட்சி: கடலூர் தேவனாம்பட்டினம். கம்பத்தில் மஞ்சள் தகடு, கருப்பு எண். கேமரா மெல்ல ஆணித் துளையை நெருங்குகிறது.)

வணக்கம். இந்தத் தகட்டில் எண் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் ஆணித் துளைக்குக் கீழே பழுப்புக் கறை வழிந்திருக்கிறதே, அதைப் பாருங்கள். வெளியில் மாட்டிய இரும்புத் தகடு நடுவிலிருந்து கெடுவது அபூர்வம். துளை, வெட்டிய ஓரம், மடித்த மூலை, இங்கேதான் தொடங்கும்.

ஈரப் பெயின்ட் கூரான ஓரத்தில் நிற்காது. பரப்பு இழுவிசை அதைத் தட்டையான பக்கமாக இழுத்துவிடும். ஆகவே தகட்டின் முகத்தில் கனமாக இருக்கும் பூச்சு ஓரத்தில் பெயருக்குத்தான் இருக்கும். துளை கதை இன்னும் மோசம். பெயின்ட் காய்ந்த பிறகு ட்ரில் போட்டால் துளையின் உட்சுவரில் பூச்சே கிடையாது, வெறும் இரும்பு. அங்கே துரு பிடித்து, பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும். அதனால் மேலே இருக்கும் பெயின்ட்டைத் தூக்கிவிடும். கொப்புளம், அப்புறம் செதில்.

(காட்சி: சில்வர் பீச், மதிய நேரம். கைப்பிடிக் கம்பியில் விரலால் தேய்க்க, வெள்ளைப் படலம்.)

சரி, மழையே இல்லாத மாசி, பங்குனியிலும் துரு ஏறுகிறதே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்துதான், அதை இழுத்துத் தருவது உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கரைந்து நீராகும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். கடற்கரையில் மாட்டிய தகடு, கண்ணுக்குக் காய்ந்து தெரிந்தாலும் பல மணி நேரம் உப்புத் தண்ணீரில் நனைந்தபடிதான் இருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மழை தகட்டுக்கு எதிரி மட்டும் இல்லை. ஐப்பசி அடைமழை முகத்தில் படிந்த உப்பைக் கழுவிவிட்டுப் போகிறது. தாழ்வாரத்துக்கு அடியில் பத்திரமாக மாட்டிய தகட்டுக்கும், எந்தத் தகட்டின் முதுகுக்கும் அந்தக் குளியல் கிடைப்பதில்லை. உப்பு அங்கேயே சேர்ந்துகொண்டே போகும். கழற்றிப் பார்த்தால் முன்பக்கம் நன்றாக இருந்து, முதுகு அரித்துப் போயிருப்பது இதனால்தான். பின்பக்கத்துக்குப் பெயின்ட் எதற்கு என்று மிச்சம் பிடிப்பவர்கள், தகட்டையே மிச்சம் பிடிக்காமல் விடுகிறார்கள்.

(காட்சி: ஒரே கடைத் தெரு. வெளிறிய சிவப்பு எழுத்து, பக்கத்தில் அழியாத கருப்பு எழுத்து.)

அடுத்தது வெயில். புற ஊதாக் கதிர், பெயின்ட்டின் பிசினை உடைக்கும். விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளுமே, அது பிசின் போய் வெளியே வந்த நிறமித்தூள். எபாக்சி பெயின்ட் உலோகத்தை அப்படிப் பிடிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் இந்தப் பொடி கட்டும். எனவே அதை அடிப்பூச்சாக வைத்து, மேலே பாலியூரித்தேன் அடிப்பது நல்ல வழக்கம்.

நிறத்திலும் ஜாதகம் உண்டு. பளபளக்கும் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் கரிம நிறமிகள். மலிவான ரகம் என்றால் சீக்கிரம் வெளிறும். கரியால் ஆன கருப்பும், இரும்பு ஆக்சைடால் ஆன செங்காவியும் நிற்கும். "ஆபத்து" என்று சிவப்பில் எழுதிய பலகையில் முதலில் காணாமல் போவது அந்த ஆபத்துதான். கருப்பு எழுத்தை வைத்து, சிவப்பை ஓரப் பட்டையாக மட்டும் வையுங்கள்.

(காட்சி: புதுச்சேரி ஒயிட் டவுன். பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர் எழுதிய நீலத் தெருத் தகடு.)

இந்த வகைத் தகடு அசல் எனாமல் என்றால் கணக்கே வேறு. டப்பாவில் வாங்கும் எனாமல் பெயின்ட் இல்லை இது. கண்ணாடித் தூளை இரும்பின் மேல் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டவைப்பது. கண்ணாடியை வெயில் ஒன்றும் செய்யாது. நீலத்துக்குக் கோபால்ட் ஆக்சைடு சேர்ப்பார்கள், அதுவும் வெளிறாது. பலவீனம் அடிதான். ஒரு கல் பட்டு, சில்லு தெறித்தால் அங்கே துரு. திருகை அளவுக்கு மீறி முறுக்கினாலும் துளை ஓரம் தெறிக்கும். அதனால் திருகுக்கும் தகட்டுக்கும் நடுவில் வாஷர் வேண்டும்.

ஜி.ஐ. ஷீட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், ஒரு பொறி இருக்கிறது. புது ஷீட்டில் நேரடியாகச் சாதா எனாமல் பெயின்ட் அடித்தால், துத்தநாகமும் பெயின்ட்டின் எண்ணெயும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். சில காலத்தில் பெயின்ட் முழுத் தோலாக உரிந்து வரும். குற்றம் பெயின்டர் மேல் போகும். ஜி.ஐ.க்கும் அலுமினியத்துக்கும் அதற்கென்று உள்ள எச்சிங் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். வெறும் உப்புத்தாள் தேய்ப்பு போதாது.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். செம்புக் கம்பியால் கட்டினால் அந்த இடம் வேகமாகப் போகும். மரங்களுக்கு எண் தகடு அடிப்பவர்கள் அலுமினிய ஆணியே அடிக்கலாம். ஆணித் தலையை வெளியே நீட்டி விடுங்கள். மரம் பருக்கும்போது தகட்டை விழுங்காமல் இருக்கும்.

(காட்சி: எண் பஞ்ச், சுத்தியல். அலுமினியத் தகட்டில் ஒவ்வொரு எண்ணாக அடிக்கிறார்கள்.)

என் கட்சி என்னவென்றால், எண் முக்கியம் என்றால் அதைப் பெயின்ட்டிடம் ஒப்படைக்கக் கூடாது. உலோகத்தில் பஞ்ச் அடித்து, பள்ளத்தில் கருப்பை நிரப்புங்கள். பெயின்ட் முழுக்கப் போனாலும் விரலால் தடவியே எண்ணைப் படிக்கலாம்.

கடையில் ஆர்டர் கொடுக்கும்போது இவ்வளவு கேளுங்கள்: துளை போட்ட பிறகுதானே பூச்சு? ஓரத்தை அரம் வைத்து மழுக்கினீர்களா? பவுடர் கோட்டிங் (பொடியைத் தெளித்துச் சூட்டில் உருக்கும் பூச்சு) என்றால் வெளியில் நிற்கும் பாலியஸ்டர் ரகமா, எபாக்சியா? முதுகுக்கும் அடிப்பீர்களா? முதல் கேள்விக்கே "துளையை மாட்டும்போது போட்டுக்கலாம் சார்" என்று பதில் வந்தால், வேறு கடை பாருங்கள்.