பிஎச்.டி. சேர்வதற்கு முன் நடு வருடங்களைப் பற்றிக் கேளுங்கள் | டர்பன் வ்லாக்

வணக்கம் மக்களே. டர்பன், வெஸ்ட்வில் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறேன். பையை மடியில் வைத்திருப்பதற்குக் காரணம் குரங்குகள். இந்த வளாகத்தில் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தால் போச்சு.

போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். “அக்கா, தென்னாப்பிரிக்காவில் பிஎச்.டி.க்கு கோர்ஸ் ஒர்க், அதாவது வகுப்பும் தேர்வும், கிடையாதாமே, சீக்கிரம் முடித்துவிடலாமா?” மதுரையில் இருந்தும் நெல்லையில் இருந்தும் கேட்கிறீர்கள். பதில் உங்கள் துறையைப் பொறுத்தது. நான் வேதியியலில் முடித்தவள். என் தோழி வரலாற்றில் இன்னும் முடிக்கப் போராடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே விதிமுறை, ஒரே படிவம். ஆனால் நாங்கள் படித்தது இரண்டு வேறு படிப்புகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே முனைவர் பட்டம் என்றால் 360 கிரெடிட், நாட்டின் கல்வித் தகுதி வரிசையில் பத்தாவது படி, அதுதான் உச்சம். சாதாரண பிஎச்.டி.யில் அந்த 360-ம் ஆய்வேட்டுக்கே போய்விடும். வகுப்பு வைக்கலாம், ஆனால் அதற்கு கிரெடிட் கிடையாது. தொழில்சார் டாக்டர் பட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் 40 சதவீதம் வரை வகுப்புகளுக்குத் தரலாம். நம் ஊரில் யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க், ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் நின்று பேச வேண்டும். அமெரிக்காவில் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் வகுப்பும் தகுதித் தேர்வும்தான், ஆய்வேடு அதற்கப்புறம். இங்கே பழைய பிரிட்டிஷ் வழி. ஒரு மாணவர், ஒரு சூப்பர்வைசர், ஓர் ஆய்வேடு.

சரி, இந்த வழி எனக்கு ஏன் நன்றாக வேலை செய்தது? லேப் இருந்ததால். முதல் வருடம் கரும்புச் சக்கையில் இருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு என்.எம்.ஆர். எடுத்தேன். ஒரு மூலக்கூறில் எந்தெந்த அணுத் தொகுதிகள் இருக்கின்றன என்று வரைபடமாகக் காட்டும் சோதனை அது. வரைபடத்தில் 2.17 என்ற இடத்தில் கூர்மையாக ஒரு பீக். நான் தேடிய தொகுதி அதுதான் என்று நம்பி ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். வெள்ளிக்கிழமை குரூப் மீட்டிங்கில் அந்தப் படத்தைப் போட்டேன். பின் வரிசையில் இருந்த சீனியர் அண்ணன் கேட்டார், “டியூபை எதில் கழுவினாய்?” அசிட்டோனில். டியூப் சரியாகக் காயவில்லை. குளோரோபார்ம் கரைசலில் அசிட்டோனின் இடம் சரியாக 2.17. பத்து நிமிடத்தில் என் ஒரு மாத நம்பிக்கை கலைந்தது, ஆனால் தவறு ஆய்வேட்டுக்குள் போகவில்லை. அந்த மீட்டிங் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. லேப் என்று ஒன்று இருந்தாலே நாலு பேர் ஒரே மெஷினுக்காகக் காத்திருப்பார்கள், ஒருவர் வேலையை இன்னொருவர் பார்ப்பார். கோர்ஸ் ஒர்க் செய்ய வேண்டியதை எனக்கு அந்த அறை செய்தது.

இப்போது தோழியைப் பாருங்கள். அவள் இங்கேயே பிறந்தவள், ஐந்தாம் தலைமுறை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸில் இருந்து டுரூரோ கப்பல் இந்த டர்பன் துறைமுகத்துக்கு வந்ததே, அதற்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழியில் வந்த குடும்பம். முதலியார் இங்கே மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். பேர் மிஞ்சியது, மொழி பல வீடுகளில் மிஞ்சவில்லை. அவள் ஆய்வு, ஒரு கோயிலின் பழைய கணக்கு நோட்டுகள். அதெல்லாம் தமிழில். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

சேரும்போது யாராவது கேட்டிருக்க வேண்டாமா, இந்த மூலத்தை எப்படிப் படிக்கப் போகிறாய் என்று? அமெரிக்காவில் பல வரலாற்றுத் துறைகளில் ஆய்வு மொழியில் தேர்வு எழுதித் தேறாமல் ஆய்வேட்டுக்குள் போகவே முடியாது. இங்கே வகுப்புக்குக் கணக்கு இல்லை என்பதால், மொழி படிக்கும் ஒரு வருடம் வீணான வருடமாகத் தெரிகிறது. மூன்றாம் வருடம் அவள் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். மாற்றாக வந்தவர் வேறு துறைக்காரர். ஓர் அத்தியாயம் ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது, மேலே இரண்டே வரி. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், யாரையும் குற்றவாளி ஆக்குவது என் நோக்கம் இல்லை. ஒரே ஆளை நம்பி ஒரு படிப்பைக் கட்டினால் அந்த ஆள் போகும்போது என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அவளுக்கு வெள்ளிக்கிழமை மீட்டிங் கிடையாது. பின் வரிசை அண்ணன் கிடையாது. நூலகத்தில் ஒரு மேசை, அவ்வளவுதான்.

இது அவள் ஒருத்தியின் கதை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் 2008-இல் வெளியிட்ட கணக்கில், பத்து வருடத்துக்குள் முடித்தவர்கள் பொறியியலில் சுமார் 64 சதவீதம், வரலாறு, மொழி, தத்துவம் மாதிரியான கலைத்துறைகளில் 49. அவ்வளவு வகுப்பும் தேர்வும் வைத்துமே இந்த இடைவெளி. கார்னகி அறக்கட்டளை 2000-களின் தொடக்கத்தில் வேதியியல், வரலாறு, கணிதம், ஆங்கிலம், கல்வியியல், நரம்பியல் என்று ஆறு துறைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துறையையும் தனித்தனியாகவே கேட்டது: இந்தப் பட்டம் எதற்கு, இதில் இருக்கும் ஒவ்வொரு பகுதியும் எதற்கு? எனக்கு அந்தக் கேள்வி முறை மிகவும் பிடிக்கும். இங்கேயும் உயர்கல்விக் குழு 2018-இல் முனைவர் பட்டத்துக்குத் தரநிலை வகுத்தது, பிறகு நாடு முழுவதும் ஆய்வு செய்து 2022-இல் அறிக்கையும் தந்தது. நல்ல வேலை. ஆனால் பணம் வேறு பக்கம் இழுக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அரசு தரும் ஆய்வு மானியத்தை யூனிட் கணக்கில்தான் பிரிக்கிறார்கள்: ஒரு முனைவர் பட்டத்துக்கு 3 யூனிட், அங்கீகாரம் பெற்ற இதழில் ஒரு கட்டுரைக்கு 1 யூனிட். தேசிய வளர்ச்சித் திட்டமோ, 2010-இல் பத்து லட்சம் மக்களுக்கு ஆண்டுக்கு 28 பேர் என்று இருந்த புதிய முனைவர் பட்டதாரிகளை 2030-க்குள் 100 ஆக்கச் சொல்கிறது. இப்படி எண்ணும் இடத்தில், நோட்டைப் படிக்க ஒரு வருடம் கொடு என்று கேட்பவளுக்கு என்ன பதில் கிடைக்கும்?

இன்னொன்று, கடைசித் தேர்வு. நம் ஊரில் பொது வைவா, வாசலில் சமோசாவும் காபியும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். இங்கே ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் வாய்மொழித் தேர்வு உண்டு, பல இடங்களில் கிடையாது. ஆய்வேடு வெளியே இருக்கும் தேர்வாளர்களுக்குப் போகும், அறிக்கை வரும், முடிந்தது. தேர்வாளர்கள் கறாரானவர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எழுதியவர் தன் வாயால் தன் வாதத்தைக் காப்பாற்றும் ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. எனக்கும் கிடைக்கவில்லை, இன்னும் அது ஒரு குறையாகவே இருக்கிறது.

அதனால் மெயில் அனுப்பும்போது ஸ்காலர்ஷிப்பை மட்டும் கேட்காதீர்கள். சேர்ந்த நாளுக்கும் சமர்ப்பிக்கும் நாளுக்கும் நடுவில் என் எழுத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது சூப்பர்வைசர் பெயரளவுக்கா, உண்மையிலேயே படிப்பாரா? அவருடைய பழைய மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று விசாரியுங்கள். லேப் துறை என்றால் குரூப் மீட்டிங் உண்டா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். வரலாறு, மொழி, தத்துவம் என்றால் இன்னும் துருவிக் கேளுங்கள், ஏனென்றால் அங்கே தானாக எதுவும் அமையாது.

தோழி இப்போது சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வருகிறாள், தமிழ் படிக்க. சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தில்தான் தொடங்கினோம். ஆனால் நோட்டைத் திறந்தால் எழுத்தே வேறு. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, யானைத் தும்பிக்கை தூக்கியது மாதிரி. எண்கள் தமிழ் எண்கள், ஆனால் காசு ஷில்லிங்கில். எனக்கே தடுமாறியது, அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டேன். போன வாரம் அவள் விரலை வைத்து மெதுவாகக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். “மா… லை. மாலை. அக்கா, பூமாலையா?” ஆமாம். பூமாலை, இரண்டு ஷில்லிங். அந்த வரியை அவளே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டாள்.