பாசமா, படுத்தலா? படுத்தலே!

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் நாய் வளர்ப்பவர்களே, வளர்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டு நாயால் தூக்கம் கெட்டவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"டைவிங் பயணத்துக்கு வீட்டு நாயைக் கூட்டிப் போவது பாசமா, படுத்தலா?" என்று தலைப்பு கொடுத்துவிட்டீர்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி பாசம் பாசம் என்று கண்ணீர் விடாத குறையாகப் பேசிவிட்டுப் போனார். தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குக்கூடப் போக மாட்டேன் என்றாரே, நீங்கள் பாண்டிச்சேரிக்கு விட்டுவிட்டுப் போகிறீர்களே, நியாயமா என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார்.

அம்மா, தருமர் அந்த நாயைக் கூப்பிடவே இல்லை, அதுவாகப் பின்னால் வந்தது. அதோடு அவர் போனது மேலே, நாம் போவது தண்ணிக்குக் கீழே. இன்னொன்று, அந்த நாய் தர்மதேவதை, மாறுவேஷத்தில் வந்தது. எங்கள் வீட்டுக் கருப்பனும் தர்மதேவதையாக இருந்தால் நான் இன்றைக்கே கூட்டிப் போவேன். ஆனால் அவன் வெறும் லாப்ரடார். போன வாரம்கூட என் செருப்பைத் தின்றான்.

நான் படித்துவிட்டுப் பேச வரவில்லை நடுவர் அவர்களே, பட்டுவிட்டுப் பேச வந்திருக்கிறேன். கருப்பனைப் பாண்டிச்சேரிக்கு டைவிங் கூட்டிப்போன மகான் நானேதான். மீன்பிடித் துறைமுகத்தில் படகில் ஏற்றும்போதே படகு ஓட்டுற அண்ணன், "சார், நாய் கரையிலேயே இருக்கட்டுமே" என்றார். நான்தான், "அண்ணே, அவன் நல்லா நீந்துவான்" என்று பெருமை அடித்துக்கொண்டேன். முகத்துவாரம் தாண்டும்போது அலை அடித்த அடியில் பெருமையும் அவன் சாப்பிட்ட காலை உணவும் சேர்ந்தே வெளியே வந்தன.

சரி, நங்கூரம் போட்டாகிவிட்டது. இப்போது நாயின் கண்ணால் பாருங்கள். காலையிலிருந்து கூடவே இருந்த எஜமான் கறுப்பு ரப்பர் சட்டை மாட்டுகிறான், முகத்தை ஒரு கண்ணாடியால் மூடுகிறான், முதுகில் ஒரு இரும்பு உருளையைக் கட்டுகிறான், படகு விளிம்பில் உட்கார்ந்து முதுகுப்பக்கமாகத் தொபுக்கடீர் என்று விழுகிறான். அப்புறம் காணோம். இரண்டு நிமிஷம் இல்லை, முக்கால் மணி நேரம்! நமக்கு அது டைவ். அதற்கு அது என்ன? குடும்பத்தலைவர் கண்முன்னால் மூழ்கிப்போய்விட்டார், அவ்வளவுதான். மேலே வருவது நாம் விடுகிற காற்றுக்குமிழி மட்டும்தான். கருப்பன் அந்தக் குமிழிகளைப் பார்த்துக் குரைத்தான், அழுதான், கடைசியில் அந்தக் குமிழிகள் மேலேயே குதித்துவிட்டான். என்னைக் காப்பாற்ற! நானோ 14 மீட்டர் ஆழத்தில் ஒரு மீன் கூட்டத்தை ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

படகில் இருந்தது அந்த அண்ணன் ஒரே ஆள். அவர் வேலை என்ன? கீழே இருக்கிற எட்டுப் பேரின் குமிழி எங்கே போகிறது என்று பார்ப்பது, யாராவது தூரத்தில் மேலே வந்தால் போய்த் தூக்குவது. அவர் அதை விட்டுவிட்டு நாயைத் துரத்த வேண்டியதாகிவிட்டது. நீவாடு இழுக்கிறது (கடல் நீரோட்டத்தை மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்), நாய் தள்ளிப்போகிறது, இன்ஜினைப் போட்டால் கீழே ஆட்கள், போடாவிட்டால் நாய் போய்விடும். நான் மேலே வந்தபோது அவர் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் மறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எதிரணித் தோழர் ஒருவர் கின்னஸ் சாதனையைக் கொண்டுவந்தார். அமெரிக்காக்காரர் ஒருவர் கிராண்ட் கேமன் தீவுக் கடலில் ஷேடோ என்ற தன் நாய்க்கு ஹெல்மெட் மாட்டி, எடை வைத்த சட்டை போட்டு, தன் சிலிண்டரிலிருந்தே குழாய் வழியாகக் காற்று கொடுத்து டைவ் கூட்டிப்போனார், நம் நாய்க்கு என்ன குறைச்சல் என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. எவ்வளவு ஆழம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை பாருங்கள். சுமார் 4 மீட்டர்! நம்ம ஊர்க் கிணற்றில் பாதிகூட வராது.

அந்த 4 மீட்டரிலும் விஷயம் இருக்கிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், அதில் முதல் சில மீட்டர்தான் காதுக்கு மோசமானது. முதல் தடவை டைவ் போனவர்களைக் கேளுங்கள், மீனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் காது வலியைப் பற்றித்தான் சொல்வார்கள். நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுகிறோம், காது திறந்துகொள்கிறது. இதை நாய்க்கு எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பீர்கள்? அதற்கு "உட்கார்" சொல்லவே ஆறு மாதம் பிஸ்கட் செலவு! காது வலித்தால் நாம் கையை ஆட்டிக் காதைக் காட்டுவோம், மேலே போகணும் என்றால் கட்டைவிரலைத் தூக்குவோம் (தண்ணிக்குள் அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தம் இல்லை, தெரியாமல் தூக்கி எத்தனையோ பேர் பாதி டைவில் மேலே வந்திருக்கிறார்கள்). நாய் எந்த விரலைத் தூக்கும்?

அதைவிடப் பயங்கரம் ஏறும்போது. சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கிற காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும், அதற்கு ரொம்ப ஆழம்கூடத் தேவையில்லை. அதனால்தான் டைவிங் வகுப்பில் முதல் பாடமே "மூச்சைப் பிடிக்காதே". பயந்துபோன நாயிடம் போய் இதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளும்.

"நாங்கள் தண்ணிக்குள் கூட்டிப்போகச் சொல்லவில்லை, படகில் இருக்கட்டும்" என்றார் சகோதரி. படகில் என்ன இருக்கிறது? ஃபைபர் படகு, பத்து மணி வெயில், ஒரு முழம் நிழல். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை, மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். தாகத்துக்குச் சுற்றிலும் இருக்கிற தண்ணியை நக்கும். அதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. கொஞ்சம் குடித்தால் வாந்தி, நிறையக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கருப்பனோ வாந்தி எடுத்து முடித்த கையோடு இன்னொருத்தர் ரெகுலேட்டரின் வாயில் வைக்கிற ரப்பரைக் கடித்துக் குதறிவைத்தான். அது ஒரு மனுஷன் கடலுக்கடியில் மூச்சு விடுகிற சாமான் நடுவர் அவர்களே! அந்தப் பெண் அன்றைக்கு இரண்டாவது டைவ் போகவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்போ கரையில் விடுங்களேன்." விடலாம். கரைவலையில் விழுந்த பேத்தை மீனை நம் மீனவர்கள் மணலிலேயே வீசிவிட்டுப் போவார்கள், சமைத்தாலும் போகாத விஷம் அது. நாய்க்கு அது விருந்து. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் ஆமை முட்டையிட வருகிற கரை இது. சென்னையில் 1988-இலிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நீலாங்கரைப் பக்கம் மணலில் நடந்து முட்டையைப் பொறுக்கிப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். எதற்குப் பயந்து? நாய் தோண்டித் தின்றுவிடும் என்பதும் ஒரு காரணம். தெருநாய் தின்றால் தப்பு, பெடிகிரி நாய் தின்றால் பாசமா?

வீட்டில் தனியாக விடுவது கொடுமை, காசு கொடுத்து நாயை விட்டுவிட்டு வருகிற போர்டிங்கில் விடுவது அதைவிடக் கொடுமை என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. எல்லா போர்டிங்கும் நன்றாக இல்லை. கணவன் ஒரு டைவ், மனைவி ஒரு டைவ், மாறி மாறி ஒருத்தர் நிழலில் நாயோடு உட்காருவோம் என்று சொல்கிற தம்பதி இருந்தால் அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் எதிரணியில் யாரும் அப்படிச் சொல்லவில்லையே! நாயும் வரணும், நாமும் சேர்ந்தே குதிக்கணும், நாயை யாரோ பார்த்துக்கணும், சாயங்காலம் அதோடு ஒரு படம் எடுத்துப் போடணும். நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்கள். அந்தக் கடல் கருப்பனுக்குத் தேங்காய்தான், உருட்டவும் முடியாது, உடைக்கவும் முடியாது, நான் வாங்கிக் கொடுத்தேன் என்ற பெருமை எனக்கு மட்டும்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிஷம் நடுவர் அவர்களே. இப்போதெல்லாம் போகிற வழியில் திண்டிவனத்தில் மாமியார் வீட்டில் கருப்பனை இறக்கிவிட்டுப் போகிறோம். அத்தைக்கு நாயே ஆகாது, "இதை எங்கே கட்டுறது மாப்பிள்ளை" என்று முதல் தடவை முகம் சுளித்தார். போன மாதம் திரும்பி வரும்போது பார்க்கிறேன், அத்தை திண்ணையில், கருப்பன் அவர் காலடியில், பக்கத்தில் நக்கித் துடைத்த தயிர்சாதத் தட்டு. கார் கதவைத் திறந்து "வாடா" என்றேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான், திரும்பவும் மூடிக்கொண்டான். அரை மணி நேரம் கெஞ்சினேன், கடைசியில் அத்தை எழுந்து வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் ஏறினான். அத்தை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

நன்றி, வணக்கம்.