விடியற்காலை வயிற்றுவலி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி 2012-இல் தொடங்கியதிலிருந்து, நம் செட்டிநாட்டுப் பக்கத்து நோயாளிகளை மாணவர்கள் வந்து விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த மாணவர் நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதும் தவறவிடுவதும் எதனால் என்று இன்று பேசுகிறேன்.

மாணவர்களுக்கு நான் அடிக்கடி கொடுக்கும் கணக்கு ஒன்று. கோடைக்காலம். புழுக்கம் தாங்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்காலை வயிற்றுவலியோடு எழுகிறார். வாந்தியும் இருக்கிறது. "ராத்திரி விசேஷ வீட்டுல சாப்பிட்டேன்" என்கிறார். மாணவருக்கு விடை கிடைத்துவிடுகிறது: சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்பதெல்லாம் என்ன சாப்பிட்டீர்கள், கூடச் சாப்பிட்டவர்களுக்கும் இப்படி இருக்கிறதா என்பவைதான். எங்கே படுத்திருந்தீர்கள் என்று கேட்பதில்லை. இமை லேசாகத் தொங்குவதையும் கவனிப்பதில்லை.

அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். இரவில் நடமாடும் பாம்பு அது. பல் சிறியது, கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது, தடம்கூடத் தெரியாமல் போகும். வயிற்றுவலியில் தொடங்கி, இமை தொங்கி, விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைத்துக்கொள்வார்.

முதலில் ஒரு ஊகம் வந்ததே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் எல்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தேர்ந்த மருத்துவருக்கும் நோயாளி பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஊகங்கள் வந்துவிடுகின்றன. ஒரு நோயில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் தடுமாறுவதையும் அவர்கள் கண்டார்கள். புத்திசாலித்தனம் மட்டும் போதாது. அந்தந்த நோயைப் பற்றிய அறிவும், பார்த்த நோயாளிகளின் அனுபவமும் வேண்டும். கட்டுவிரியன் கடி வயிற்றுவலியாக வரும் என்பதே தெரியாத மாணவரிடம் "நன்றாக யோசி" என்று சொல்லி என்ன பயன்? ஆகவே படிக்கும் ஆண்டுகளில் வார்டில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, தேர்வுக்கான கேள்வி பதில்களை மட்டும் மனப்பாடம் செய்வது எனக்குக் கவலை தருகிறது.

விசாரணையின் அருமைக்கு ஒரு கணக்கு உண்டு. 1975-இல் பிரிட்டனில் 80 புதிய வெளிநோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 66 பேருக்கு, அனுப்பிய மருத்துவரின் கடிதத்தைப் படித்து நோயாளியிடம் பேசியதிலேயே சரியான முடிவு கிடைத்திருந்தது. ஸ்கேன் இல்லாத காலம் என்பீர்கள். ஸ்கேன் இருந்தாலும், எதை எடுப்பது என்று சொல்ல விசாரணைதான் வேண்டியிருக்கிறது.

அண்மையில் பார்த்த நோயும் கண்ணை மறைக்கும். நெதர்லாந்தில் பயிற்சி மருத்துவர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளிவந்த ஆய்வு அதைக் காட்டியது. சற்று முன் பார்த்த நோயின் சாயல் இருந்தால், வேறு நோயையும் அதுவே என்று சொல்லிவிட்டார்கள். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று நிதானமாக மறுபடி பார்த்தபோது தவறு குறைந்தது. நம் ஊரில் மழைக்காலத்தில் டெங்கு, டெங்கு என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தப்பிவிடும். சிறு பூச்சி கடித்த இடத்தில் கருத்த பொருக்கு இருக்கும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கும். துணியை விலக்கித் தேடினால்தான் தெரியும். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையில் குணமாகக்கூடிய நோயில் உயிர் போவது பெருங்கொடுமை.

தூக்கமின்மை, கூட்டம், நேரமின்மை எல்லாம் உண்டுதான். ஆனால் ஆசிரியரின் கோபத்தை நான் அவற்றுக்கும் மேலே வைப்பேன். தவறாகச் சொன்னவனை எல்லோர் முன்னும் திட்டினால், அடுத்த முறை அவன் தன் சந்தேகத்தை விழுங்கிவிடுவான். "ஏன் அப்படி நினைத்தாய்? வேறு என்னவாக இருக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நேயர்களே, ஆஸ்பத்திரியில் ஒரு மாணவர் வந்து, டாக்டரிடம் சொன்னதையே மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஆச்சிக்கோ அப்பச்சிக்கோ உடம்பு முடியவில்லை என்றால், கூட வந்தவர் பக்கத்திலேயே இருங்கள். எங்கே படுத்தார், எந்தத் தோட்டத்துக்குப் போனார், என்ன மாத்திரை போட்டார் என்று, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.