ஜேன் டீச்சர் எங்கள் அணி

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. பொங்கல் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது என்று எனக்கும் தெரியும். பள்ளிக்கூட அரங்கு வாடகைக்குக் கிடைக்கிற சனிக்கிழமைதானே அமெரிக்காவில் நமக்குப் பொங்கல்!

“இந்த நாட்டில் நிறவெறியைக் குறைப்பதில் முன்னே நிற்பது பயிற்சி வகுப்பா, சட்டமா?” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் சட்டத்தின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா ஒரே ஓர் ஆயுதத்தோடு வந்து அரங்கையே வாரிச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த ஆயுதத்தின் பெயர் ஜேன் எலியட். வடை வரிசையில் நின்றதால் அதைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்று ஒரு குட்டி ஊர். வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த விவசாய ஊர். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை அந்த ஊரின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட், தன் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நாள் ஒரு நிறக் கண் உசத்தி, அடுத்த வகுப்பு நாளில் அப்படியே தலைகீழ். அதை அவர் ஆண்டுதோறும் தொடர்ந்தார். 1970இல் ஏபிசி தொலைக்காட்சி அந்த வகுப்பைப் படம் பிடித்து நாடு முழுக்கக் காட்டியது. எண்பதுகளின் நடுவில் பள்ளி வேலையை விட்டுவிட்டு, பெரிய நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் போய் நிறவெறி எதிர்ப்புப் பயிற்சி கொடுப்பதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். இன்று ‘டைவர்சிட்டி டிரெய்னிங்’ என்று நாம் சொல்கிற தொழிலுக்கு அவரை ஒரு பாட்டி என்றே சொல்லலாம்.

“ஒரு டீச்சர் இரண்டே நாளில் செய்ததை எந்தச் சட்டம் செய்தது?” என்று அக்கா கேட்டதும் நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அக்கா சொன்ன கதையில் ஒரு பிழையும் கிடையாது. ஒரே ஓர் இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு வேலை அந்த இடத்தில்தான்.

அந்தப் பிள்ளைகள் எதனால் மாறினார்கள்? ஜேன் டீச்சர் ஸ்லைடு போட்டாரா? குழு விவாதம் வைத்தாரா? 1970இல் எடுத்த படத்தைப் பாருங்கள். முதல் நாள் நீலக்கண் பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம் ஐந்து நிமிடம் கூடுதல். பழுப்புக்கண் பிள்ளைகள் மைதானத்தில் நீலக்கண் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடக்கூடாது. மதியச் சாப்பாட்டில் இன்னொரு முறை கேட்கக்கூடாது. எல்லோரும் குடிக்கிற தண்ணீர்க் குழாய் பக்கம் போகக்கூடாது, காகிதக் கோப்பையில்தான் குடிக்க வேண்டும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியக் கழுத்தில் ஒரு துணிக் காலர். நடுவர் அவர்களே, இதற்குப் பெயர் பாடமா? இது அரசாணை! அந்த அறைக்குச் சட்டமன்றம், காவல் நிலையம், நீதிமன்றம் மூன்றுமே அந்த அம்மாதான்.

நீலக்கண் புத்திசாலி, பழுப்புக்கண் மந்தம் என்று அவர் பேசவும் செய்தார், மறுக்கவில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை வெறும் பேச்சை இடைவேளை மணி அடித்ததும் மறந்துவிடும். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் விளையாட்டிலும் கைவைத்ததால்தான் அந்தப் பேச்சு உண்மை மாதிரி ஆயிற்று. நல்ல பிள்ளைகள் கால் மணி நேரத்துக்குள் கொடுமைக்காரப் பிள்ளைகளாக மாறிவிட்டார்கள் என்று ஜேன் டீச்சரே சொல்லியிருக்கிறார். இடைவேளையில் ஒருவன் இன்னொருவனைப் ‘பழுப்புக்கண்’ என்று கூப்பிட, இவன் அவன் வயிற்றில் ஒரு குத்து விடுகிறான். முந்தின நாள்வரை அது வசவே கிடையாது. அவன் அம்மாவுக்கும் அதே கண்ணாக இருந்திருக்கும். அதை வசவாக்கியது அன்று காலையில் வந்த விதி.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த வகுப்பில் எழுத்தொலி அட்டைகளை வேகமாகப் படிக்கும் பயிற்சி ஒன்று இருந்தது. காலர் மாட்டியிருந்த நாளில் பழுப்புக்கண் குழுவுக்கு ஐந்தரை நிமிடம் ஆனது. மறுநாள் காலர் கழன்றது, சலுகை கைமாறியது. அதே பிள்ளைகள், அதே அட்டைகள், இரண்டரை நிமிடம்! ராத்திரியோடு ராத்திரியாக மூளை வளர்ந்துவிட்டதா?

“மனசை மாற்று, மற்றதெல்லாம் தானாக மாறும்” என்றார் அக்கா. ஜேன் டீச்சர் வகுப்பில் நடந்தது நேர் எதிர். முதலில் மாறியது விதி, அதன் பின்னாலேயே ஓடி வந்தது மனசு. அதனால் ஜேன் டீச்சரை இந்த நிமிடம் முதல் எங்கள் அணிக்கு எடுத்துக்கொள்கிறோம். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி 1984இல் அதே ஊரில் கூடி, அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையையே மாற்றியது என்று சொன்னார்களே? சொன்னார்கள். அந்த அம்மா மீது எனக்கு ரொம்ப மரியாதை. ஊர் அவரை ஒதுக்கியது, அவருடைய பிள்ளைகளைச் சீண்டியது, அப்படியும் அவர் விடவில்லை. ஆனால் அங்கே மாறியது யார் என்று பாருங்கள். தினமும் காலையில் அவர் முகத்தில் விழித்து, அவரிடம் மதிப்பெண் வாங்கி, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிள்ளைகள். எல்லா அதிகாரமும் அவர் கையில் இருந்தது. அதே அம்மாவை ஒரு நிறுவனம் கூப்பிடும்போது என்ன ஆகிறது? ஒரு நாள் மேடை கிடைக்கிறது. சாயங்காலம் அவர் விமானம் ஏறிவிடுகிறார். யாருக்குப் பதவி உயர்வு, யாருக்குச் சம்பள உயர்வு, நேர்முகத் தேர்வு அறையில் யார் உட்காருவது? அந்தச் சாவிக்கொத்து பழைய இடுப்பிலேயே தொங்குகிறது.

அந்த ஒரு நாள் மேடையும் இப்போது இல்லை. நம் கதையையே எடுத்துக்கொள்வோம். இந்த அரங்கில் பாதிப் பேர் ஐ.டி.யில் இருக்கிறீர்கள். கடைசித் தேதிக்கு முதல் நாள் ராத்திரி எச்.ஆரிலிருந்து மூன்றாவது நினைவூட்டல் வரும். ஒரு பக்கம் வீடியோ ஓடும், மறுபக்கம் பருப்புக்குத் தாளிப்போம். ‘அடுத்து, அடுத்து, அடுத்து.’ கடைசியில் ஐந்து கேள்வி. எல்லாவற்றிலும் மிக நீளமான விடைதான் சரியான விடை. எண்பது மதிப்பெண்! சான்றிதழ் வந்துவிடும், நிறவெறி ஒழிந்துவிடும். சிரிக்கிறீர்கள், எனக்குத் தெரியும், நீங்களும் வீடியோவின் வேகத்தைக் கூட்டி வைத்தவர்கள்தான்.

இது நம் சோம்பேறித்தனம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற சமூகவியல் ஆய்வாளர்கள், எரின் கெல்லியோடு சேர்ந்து 708 தனியார் பணியிடங்களின் முப்பதாண்டுத் தரவுகளை அலசி 2006இல் வெளியிட்டார்கள். மேலாளர் நாற்காலியில் பெண்களும் கறுப்பினத்தவரும் கூடியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பயிற்சி வகுப்பால் கிடைத்த பலன் கடைசி வரிசையில் நின்றது. இதற்கு இன்னார் பொறுப்பு, இவர் பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்திய இடங்களில்தான் பெரிய மாற்றம். டாபினும் கலேவும் 2016இல் எழுதியது இன்னும் சங்கடமானது. மேலாளர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில், ஐந்தாண்டு கழித்து மேலாளர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. வகுப்பு எடுத்த பிறகு குறைந்திருக்கிறது, நடுவர் அவர்களே!

இப்போது சட்டத்தின் கதைக்கு வருகிறேன். வட கரோலினாவில் டிரேப்பர் என்ற ஊர், டியூக் பவர் கம்பெனியின் டான் ரிவர் மின்நிலையம். ஐந்து துறைகள். கறுப்பினத் தொழிலாளர்கள் இருந்தது ‘லேபர்’ என்ற ஒரே துறையில். அங்கே உச்சச் சம்பளம் வாங்குகிறவர்கூட, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த மற்ற நான்கு துறைகளில் கடைசிச் சம்பளம் வாங்குகிறவரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, அதாவது வேலையில் பாகுபாடு கூடாது என்கிற பிரிவு, நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. அதே நாளில், நாள் தவறாமல், அந்தக் கம்பெனி ஒரு புது விதி போட்டது. மற்ற துறைகளில் புதிதாகச் சேர வேண்டுமானால் இரண்டு திறனறித் தேர்வுகளில் தேற வேண்டும். பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி முன்பே இருந்தது. அதே சான்றிதழ் இல்லாத வெள்ளைக்காரர்கள் அந்தத் துறைகளில் பல வருடமாக நன்றாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

லேபர் துறையின் கறுப்பினத் தொழிலாளர்கள் 13 பேர் வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், எட்டுக்குப் பூச்சியம் என்று ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நெஞ்சைத் திறந்து காட்டு என்று கம்பெனியை நீதிமன்றம் கேட்கவில்லை. உன் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும், உன் விதியின் விளைவு என்ன? அந்தத் தேர்வுக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லை என்றால் எடு. அவ்வளவுதான். ஆயிரம் பயிற்சியாளர்கள் ஆயிரம் அறைகளில், “உங்கள் உள்மனச் சார்பைக் கண்டுபிடியுங்கள்” என்று மேலாளர்களை மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தீர்ப்புக்கு அந்த உள்மனமே தேவைப்படவில்லை.

“சட்டம் என்ன பெரிய யோக்கியமா? பாகுபாட்டைச் செய்ததே சட்டம்தானே?” என்று எதிரணி இளைஞர் கேட்டார். நூற்றுக்கு நூறு உண்மை. தென் கரோலினாவில் 1915இல் ஒரு சட்டம் போட்டார்கள். பஞ்சாலையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் வேலை செய்யக்கூடாது, ஒரே வாசலில் நுழையக்கூடாது, ஒரே சன்னலில் கூலி வாங்கக்கூடாது, ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கக்கூடாது. இரட்டைக் குவளையைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, இல்லையா? அந்த ஆலைகளில் அரை நூற்றாண்டாகக் கறுப்பினத் தொழிலாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். 1965க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே அந்த எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆலை முதலாளிகள் எல்லோரும் திடீரென்று ஞானம் பெற்றுவிட்டார்களா? ஒரு சட்டம் பூட்டிய கதவு, திறக்க இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஜேன் டீச்சர் காலர் மாட்டியதும் கழற்றியதும் இதேதான்.

ராணுவத்தில் 1971இல் இன உறவுப் பயிற்சிக்கென்றே ஒரு கழகம் தொடங்கினார்களே என்று இன்னொரு குறிப்பும் வந்தது. தொடங்கினார்கள், நல்லது. அதற்கு 23 ஆண்டு முன்பே, 1948இல், ராணுவத்தில் இனப் பாகுபாடு கூடாது என்ற ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரே கூடாரத்தில் படுக்க வைத்தது அந்தக் கையெழுத்து. படுத்த பிறகு சண்டை போடாமல் இருக்கத்தான் வகுப்பு.

அடுத்து நம் வீட்டு விஷயம். கொஞ்சம் நெளிவீர்கள், பரவாயில்லை. 2022 ஏப்ரலில் தேன்மொழி சௌந்தரராஜன், சாதியைப் பற்றிப் பயிற்சி தருகிற தமிழ் அமெரிக்கப் பெண், கூகுளில் பேசுவதாக இருந்தது. உள்ளேயிருந்து சில ஊழியர்கள் எதிர்த்தார்கள், பேச்சு ரத்தானது. பயிற்சியாளரின் பலம் அவ்வளவுதான். கூப்பிட்டால் வரலாம், கூப்பிடாவிட்டால் வாசல். அடுத்த வருடம் பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டத்தை ஆறுக்கு ஒன்று என்று நிறைவேற்றி, பாகுபாடு கூடாத பட்டியலில் சாதியையும் எழுதியது. அதை ரத்துசெய்ய எந்த நிறுவனத்தின் எச்.ஆருக்கும் முடியாது. கலிஃபோர்னியாவில் இதே மாதிரி மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார், அதுவும் உண்மை. ஏன் திருப்பினார்? இருக்கிற சட்டங்களே இதைத் தடுக்கின்றன என்றார். அவர்கூட “வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லவில்லை.

முதல் மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அடுத்து எழுந்து என்ன சொல்வார் என்று தெரியும். “உங்கள் சட்டத்தின் லட்சணத்தைத்தான் 2025 ஜனவரியில் பார்த்தோமே! அரசு ஒப்பந்த நிறுவனங்கள் வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதிபர் ஜான்சன் 1965இல் போட்ட 11246ஆம் ஆணையை ட்ரம்ப் ஒரே கையெழுத்தில் தூக்கிவிட்டாரே!” தூக்கினார். எனக்கும் வலித்தது. ஆனால் அண்ணா, ஓர் அதிபரின் ஆணையை இன்னோர் அதிபர் எடுக்க முடிந்தது. நாடாளுமன்றம் இயற்றிய ஏழாம் பிரிவு? அது 1964இலிருந்து அங்கேயே நிற்கிறது. அதை எடுக்கப் பேனா மட்டும் போதாது. உங்கள் வகுப்புகளின் கதையையும் சொல்லுங்கள். 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு பயிற்சியாளர்களின் நாட்காட்டியில் இடமே இல்லை. சில ஆண்டுகள் கழித்து வால்மார்ட், மெட்டா, டார்கெட் என்று ஒவ்வொன்றாகத் தங்கள் பன்முகத்தன்மைத் திட்டங்களைச் சுருட்ட எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை, காற்று திசை மாறியதே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது மணி. உட்கார்ந்துவிடுகிறேன். ஜேன் டீச்சரை மட்டும் அக்கா திருப்பிக் கேட்டால் தருவதாக இல்லை. நன்றி, வணக்கம்.